மறைந்திருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

இந்த முறை வந்த கணினிக் கேள்விகளில் நிறைய ஒரே இடத்தைச் சுற்றியே வந்திருப்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: அப்டேட் முடிந்து லேப்டாப்பைத் திறந்தால் ‘இ’ என்று புதிதாக ஒரு டிரைவ் முளைத்திருக்கிறது. 450 எம்பிதான் அளவு, நிறைந்துபோய் சிவப்பாகக் காட்டுகிறது, உள்ளே போனால் ஒரு ஃபைலும் இல்லை. இடம் குறைவு என்ற எச்சரிக்கை வேறு விடாமல் வருகிறது. ஃபார்மட் பண்ணிவிடட்டுமா?

வேண்டாம். அது புதிதாக வந்ததல்ல, முதலிலிருந்தே இருந்ததுதான். விண்டோஸ் கிளம்பாமல் போனால் நீலத் திரையில் ‘டிரபிள்ஷூட்’ என்று ஒரு பக்கம் வருமே, அதற்கான ஃபைல் இருக்கும் இடம் அது. ரெக்கவரி பார்ட்டிஷன் என்பது இதுதான், டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதி. டிரைவ் எழுத்து இல்லாதவரை கண்ணில் படாது. அப்டேட் எப்போதாவது தவறுதலாக அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்துவிடும். 2018 ஏப்ரலில் வந்த பெரிய விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு உலகம் பூராவும் இதே புகார்தான். எழுத்தை மட்டும் பிடுங்கினால் போதும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘மவுன்ட்வால் இ: /டி’ (mountvol E: /D) என்று அடியுங்கள். டிரைவும் மறையும், எச்சரிக்கையும் நிற்கும், உள்ளே இருக்கிற எதுவும் அழியாது.

கேள்வி: சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று டி-யைக் காலி செய்து அழித்துவிட்டேன். இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் கறுப்புக் கோட்டோடு ஏகப்பட்ட இடம் சும்மா கிடக்கிறது, ஆனால் சி-யில் ரைட் கிளிக் செய்தால் ‘எக்ஸ்டென்ட் வால்யூம்’ மங்கலாகவே இருக்கிறது. நடுவில் 529 எம்பி-யில் ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன். அதில் ரைட் கிளிக் செய்தால் ‘ஹெல்ப்’ தவிர ஒன்றும் வருவதில்லை. அழிப்பது எப்படி?

நடுவில் நிற்கும் அந்த 529 எம்பி-தான் வழியை மறிக்கிறது. சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல இருக்கிற காலியிடத்தைத்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும், இடையில் அரை ஜிபி குறுக்கே நின்றாலும் கதை முடிந்தது. சி-க்குப் பின்னால் ரெக்கவரி இருப்பது தப்பில்லை, மைக்ரோசாஃப்டே அந்த வரிசையைத்தான் சொல்கிறது. தேவைப்படும்போது சி-யின் வாலைக் கொஞ்சம் வெட்டி ரெக்கவரியைப் பெரிதாக்கிக்கொள்ள அதுதான் வசதி. நாம் சி-யைப் பெரிதாக்கப் போகும்போதுதான் இடிக்கிறது.

டிஸ்க்பார்ட் என்று கமாண்ட் பிராம்ப்டில் ஓடும் டிஸ்க் பிரிப்புக் கருவியில் ‘டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைட்’ (delete partition override) என்று அடித்தால் ஒரு நொடியில் போய்விடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போகும்தான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ (reagentc /info) என்று அடித்துப் பாருங்கள். ‘எனேபிள்டு’ என்று வந்து, கீழே நீளமான முகவரி ஒன்றில் ‘ஹார்ட்டிஸ்க்0, பார்ட்டிஷன்4’ என்கிற மாதிரி இருக்கும். இப்போது உங்கள் விண்டோஸ் நம்பியிருப்பது எந்த டிஸ்க்கின் எத்தனையாவது பகுதி என்பதை அது சொல்லிவிடுகிறது. குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ‘ரீஏஜென்ட்சி /டிஸேபிள்’ அடித்தால் வின்ஆர்இ டாட் விம் என்ற மீட்பு ஃபைல் அந்தப் பார்ட்டிஷனிலிருந்து சி-யில் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்ற ஃபோல்டருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது மறைக்கப்பட்ட ஃபைல், ‘டிஐஆர் /ஏ’ என்று கேட்டால்தான் தலைகாட்டும். அங்கே வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள், இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அப்புறம் ‘ரீஸெட் வேலை செய்யவில்லை’ என்று எழுதுகிறார்கள்.

அதன் பிறகு டிஸ்க்பார்ட். ‘லிஸ்ட் டிஸ்க்’, ‘செலக்ட் டிஸ்க் 0’, ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’, குறித்துவைத்த எண்ணை செலக்ட் செய்து ஓவர்ரைட் கட்டளை. ஒவ்வொரு முறை செலக்ட் செய்ததும் மறுபடி லிஸ்ட் போட்டு, நட்சத்திரக் குறி எந்த வரியின் முன்னால் நிற்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் டிஸ்க்பார்ட்டுக்கு ‘நிச்சயமா?’ என்று கேட்கிற பழக்கமே கிடையாது. அந்தப் பட்டியலில் ‘சிஸ்டம்’ என்று 100 எம்பி-யில் ஒன்றும், ‘ரிசர்வ்டு’ என்று 16 எம்பி-யில் ஒன்றும் தெரியலாம் (அளவு முன்னே பின்னே இருக்கலாம்). முதலாவதை அழித்தால் அடுத்த முறை கணினி கிளம்பாது. இரண்டாவது டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியவே தெரியாது, அதையும் விட்டுவிடுங்கள்.

இனி எக்ஸ்டென்ட் பளிச்சென்று வந்துவிடும். இருக்கிற இடம் மொத்தத்தையும் சி-க்குக் கொடுத்துவிடாமல் கடைசியில் 1 ஜிபி விட்டு வைத்து, அதில் புதிய ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, என்டிஎஃப்எஸ்-இல் ஃபார்மட் செய்து, அது ரெக்கவரி வகை என்பதற்கான குறியீட்டைக் கொடுத்து, ‘ரீஏஜென்ட்சி /எனேபிள்’ அடித்தால் ஃபைல் புது வீட்டுக்குப் போய்விடும். டிஸ்க்கில் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறைகள் எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு. பழைய எம்பிஆர் டிஸ்க் என்றால் அந்தக் குறியீடு வெறும் 27. ஜிபிடி என்றால் கையால் அடித்தால் கட்டாயம் தப்பு வரும் அளவுக்கு நீளம், மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்திலிருந்து காப்பி செய்துகொள்வதே நல்லது.

இவ்வளவு கட்டளை வேண்டாம் என்கிறவர்களுக்கு, பார்ட்டிஷன்களை நகர்த்தவும் மாற்றவும் உதவும் ஜிபார்ட்டட் என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம்தான், பென்டிரைவிலிருந்து கிளப்பி அந்த 529 எம்பி-யை அப்படியே வலப்பக்க ஓரத்துக்கு நகர்த்திவிடலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். நகர்த்துவதற்கு முன் டிஸேபிள், நகர்த்தி முடித்து விண்டோஸுக்குத் திரும்பியதும் எனேபிள், இதை மட்டும் விடாதீர்கள். விட்டால், பகுதி இருந்த பழைய இடத்தையே விண்டோஸ் நினைவில் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்கும்.

எந்த வழியில் போனாலும் முக்கியமான ஃபைல்களை முதலில் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். சி-யில் பிட்லாக்கர் என்கிற விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிட்லாக்கர் என்று ஒன்றை நான் போடவே இல்லையே என்பீர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த பல புது லேப்டாப்களில் அது தானாகவே போட்டுக்கொள்கிறது. அப்படியானால் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: என் டிஸ்க்கில் மூன்று ரெக்கவரி பார்ட்டிஷன்கள்! எதற்கு இத்தனை?

பெரிய அப்டேட் வரும்போது பழைய பார்ட்டிஷனில் புது மீட்பு ஃபைலுக்கு இடம் போதாவிட்டால், விண்டோஸ் சி-யில் கொஞ்சம் வெட்டிப் புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளும், பழையதைச் சுத்தம் செய்யாமல் போய்விடும். ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ காட்டுகிற எண்தான் உயிரோடு இருப்பது. மற்றதில் சில நூறு எம்பி அளவில் உள்ளவை பெரும்பாலும் பழைய மிச்சங்கள், அழிக்கலாம். ஆனால் மொத்தமாக ஒரு ஜிபி கூடத் தேறாது, அதுவும் சி-க்கு ஒட்டினாற்போல இருக்காது. நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

கேள்வி: விண்டோஸ் 10-இல் ஒரே ஓர் அப்டேட் மட்டும் 80070643 என்று முடியும் பிழையோடு தோற்றுக்கொண்டே இருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. அது 2024 ஜனவரி 9 அன்று வந்த கேபி5034441. பிட்லாக்கரைச் சுற்றிப் போக வழிவிடும் ஓட்டை ஒன்று மீட்புச் சூழலிலேயே இருந்தது, அதை அடைக்க வந்த அப்டேட். அது ஏறுவதற்கு ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இருக்க வேண்டும். 450-லும் 500-லும் இருந்த கணினிகளில் அந்த இடம் இல்லை. சி-யில் 250 எம்பி குறைத்து ரெக்கவரியை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள் என்று, நான் மேலே சொன்ன அதே சடங்கைத்தான் மைக்ரோசாஃப்ட் சாதாரண ஜனங்களிடம் ஒப்படைத்தது. வீட்டில் ஒரு கணினி வைத்துக்கொண்டு மின்கட்டணம் கட்டுகிறவரைப் பார்த்து டிஸ்க்பார்ட் ஓட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

கேள்வி: பழைய லேப்டாப்பில் கம்பெனியே வைத்த ரெக்கவரி பார்ட்டிஷன் 18 ஜிபி பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அழித்தால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர்.

போகாது. விண்டோஸ் 8 காலம் தொடங்கி விண்டோஸோடு வந்த லேப்டாப்களில் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், விண்டோஸ் 7 என்றால் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில். டிஸ்க்கை மொத்தமாக மாற்றினாலும் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. அந்த 18 ஜிபி-யில் இருப்பது கடையிலிருந்து வந்த அன்றைய விண்டோஸ், அந்த மாடலுக்கான டிரைவர்கள், கூடவே நீங்கள் கேட்காத நாலு சோதனை மென்பொருள்கள். ஹெச்பி-யில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம், ஆசஸில் எஃப்9 என்று கிளம்பும்போது அழுத்தினால் வருவது அதுதான். விண்டோஸ் 10-க்கு ஏற்றிவிட்டீர்கள் என்றால் ‘ரீஸெட் திஸ் பிசி’ அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இருக்கிற சிஸ்டம் ஃபைல்களை வைத்தே புதிதாகக் கட்டிக்கொள்கிறது. ஆகவே கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு டிரைவர்கள் இன்னும் கிடைக்கிறதா என்று பாருங்கள், ‘கிரியேட் எ ரெக்கவரி டிரைவ்’ வழியாக 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள் (அதில் இருப்பதெல்லாம் அழியும்), அது உண்மையிலேயே கிளம்புகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அப்புறம் அழியுங்கள். டிரைவர் கிடைக்காத அரிய மாடல் என்றால் மட்டும் அழிக்காதீர்கள்.

கேள்வி: இதே மாதிரி என் சொந்தப் படங்களை ஒரு பார்ட்டிஷனில் போட்டு மறைத்து வைக்கலாமா?

எழுத்தை எடுத்துவிட்டால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறக்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்துவிடும். வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருளைப் போட்டுப் பூட்டுங்கள்.