எண்ணே தராத சுடோகு: முதல் கை எங்கே வைப்பது?

"காலிக் கட்டத்தைக் கொடுத்துவிட்டு நிரப்பு என்கிறீர்களே, நியாயமா?" இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி இந்த ரகம். கூண்டு, அம்பு, பச்சைக் கோடு, தெர்மோமீட்டர் எல்லாம் வரைந்திருக்கும். எழுதிவைத்த எண் மட்டும் ஒன்றுகூட இருக்காது. பதில்களுக்குள் போகுமுன் ஒரு வார்த்தை: ஒற்றைச் சதுரத்தைக் 'கட்டம்' என்றும், 3×3 ஆன ஒன்பது கட்டத்தைப் 'பெட்டி' என்றும் சொல்லப் போகிறேன்.

கே: 17 எண்ணாவது கொடுத்தால்தான் சுடோகுவுக்கு ஒரே விடை வரும் என்று படித்தேன். இங்கே ஒன்றுகூட இல்லையே ஐயா, ஒரே விடைதான் என்று எப்படி நம்புவது?

ப: படித்தது சரி. ஆனால் அது சாதா சுடோகுவின் கணக்கு. 16 எண் மட்டும் கொடுத்து ஒரே விடை வரும்படி சாதா சுடோகு அமைக்கவே முடியாது என்று 2012-ல் டப்ளினில் கேரி மெக்குவயர் குழுவினர் கணினியை ஓடவிட்டு நிறுவினார்கள்.

சாதா சுடோகுவில் எண் என்பது வெறும் பெயர். எண்ணுக்குப் பதில் ஒன்பது நிறத்தைப் பூசினாலும் அதே விளையாட்டுதான். முடித்துவைத்த சுடோகு ஒன்றை எடுத்து எல்லா 3-ஐயும் 7 ஆக்குங்கள், எல்லா 7-ஐயும் 3 ஆக்குங்கள். எந்த விதியும் உடையாது. இப்படிப் பெயர் மாற்றி மாற்றியே ஒரு விடையிலிருந்து 3,62,880 விடை எடுத்துவிடலாம். அதனால்தான் சாதா சுடோகுவில் ஒன்பதில் எட்டு எண்ணாவது ஒரு தடவை முகம் காட்டியாக வேண்டும்.

எண் தராத ரகத்தில் 3 என்பது அளவு. 4-ஐவிடச் சிறியது, 6-ல் பாதி, 7-ஓடு சேர்ந்தால் 10. விதிகள் கூட்டுத்தொகை, வித்தியாசம், பெரிசு சிறிசு என்று பேச ஆரம்பித்ததும் 3-ம் 7-ம் சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்ள முடியாமல் போகிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னும் இரண்டு இடத்தில் திரும்ப வரும்.

கே: கில்லர் சுடோகுவில் கூண்டுகளையும் மூலையில் போட்ட கூட்டுத்தொகைகளையும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதல் எண்ணே விழ மாட்டேன் என்கிறது.

ப: "இந்தக் கட்டத்தில் என்ன எண்?" என்று கேட்பதால் விழவில்லை. கூண்டு என்றால் கோடு போட்டு வளைத்த சில கட்டங்கள்; உள்ளே ஒரே எண் இரண்டு தடவை வராது, எல்லாம் கூட்டினால் மூலையில் போட்ட தொகை வர வேண்டும். முதலில் "இந்தக் கூண்டில் என்னென்ன எண்?" என்று கேளுங்கள். சில கூண்டுகளுக்கு ஒரே பதில்தான். இரண்டு கட்டம், தொகை 3 என்றால் 1, 2. தொகை 17 என்றால் 8, 9. மூன்று கட்டத்தில் 7 வந்தால் 1, 2, 4. 23 வந்தால் 6, 8, 9. இரண்டு கோடியிலும் இருக்கும் தொகைகள்தான் நமக்குச் சாதகம். மூன்று கட்டத்தில் 15 என்று இருந்தால் எட்டு வழி உண்டு. அதன் பக்கம் இப்போது போக வேண்டாம்.

அடுத்த ஆயுதம் 45. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45, ஆகவே எந்த வரிசையும், நெடுவரிசையும், பெட்டியும் 45. இதை வைத்து ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறேன். தாளில் 3×3 போட்டுக்கொள்ளுங்கள். இது இடது மேல்மூலைப் பெட்டி.

மேல் வரிசையின் முதல் இரண்டு கட்டமும் நடுக்கட்டமும் சேர்ந்து ஒரு கூண்டு, தொகை 15. இடது ஓரத்தில் கீழே உள்ள இரண்டு கட்டம் இன்னொரு கூண்டு, தொகை 17. வலது கீழ்மூலையில் எல் வடிவத்தில் மூன்று கட்டம், தொகை 7. எஞ்சியது வலது மேல்மூலைக் கட்டம் மட்டும். அது பக்கத்துப் பெட்டியின் முதல் கட்டத்தோடு சேர்ந்து 9.

15, 17, 7 மூன்றையும் கூட்டினால் 39. பெட்டி 45. ஆகவே மிச்சமிருக்கும் மூலைக் கட்டம் 6. பக்கத்துப் பெட்டிக்காரர் 3. ஆச்சு, இரண்டு எண் வந்துவிட்டது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். 17-க்கு 8, 9 போச்சு, 7-க்கு 1, 2, 4 போச்சு, மூலையில் 6. அப்படியானால் வழி தெரியாமல் ஒதுக்கிவைத்தோமே 15, அதற்கு மிச்சம் 3, 5, 7 மட்டும்தான். மேல் வரிசையில் 3 ஏற்கெனவே பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டது. எனவே இந்த 3 நடுக்கட்டத்துக்குத்தான் இறங்கியாக வேண்டும். மேலே இருக்கும் இரண்டும் 5, 7. எது எது என்று இன்னும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த வரிசையில் வேறு எங்கும் 5-ம் 7-ம் வராது என்பதே அடுத்த வேலைக்குப் போதும்.

கே: பச்சைக் கோடு போட்ட புதிர் ஒன்று. 'கோட்டில் அடுத்தடுத்த எண்களுக்குள் குறைந்தது 5 வித்தியாசம்' என்று ஒரே விதி. இதில் கூட்டுத்தொகைகூட இல்லை. என்ன செய்வது?

ப: ஜெர்மன் விஸ்பர்ஸ் என்பார்கள். எனக்குப் பிடித்த ரகம், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 5 இந்தக் கோட்டில் ஏறவே முடியாது. 5-லிருந்து ஐந்து தள்ளிப் போனால் 0 அல்லது 10. இரண்டும் இங்கே கிடையாது. அடுத்து, சின்னது (1 முதல் 4), பெரியது (6 முதல் 9) என்று கோடு மாறி மாறித்தான் போகும். மூன்றாவது, 4-க்குப் பக்கத்தில் நிற்க 9-க்கு மட்டும்தான் யோக்கியதை. 6-க்குப் பக்கத்தில் 1-க்கு மட்டும்.

இப்போது ஒரே பெட்டிக்குள் எட்டுக் கட்டத்தை விடாமல் தொட்டுப் போகும் பச்சைக் கோடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கோடு தொடாத ஒன்பதாவது கட்டம் 5, சந்தேகமில்லை. கோட்டின் நடுவில் 4 வந்தால் இரண்டு பக்கமும் 9 வேண்டும். ஒரு பெட்டியில் இரண்டு 9 ஏது? ஆகவே 4 கோட்டின் ஒரு முனையில்தான். அதே நியாயப்படி 6-ம் முனையில்தான். 4-க்கு அடுத்து 9, 6-க்கு அடுத்து 1. நடுவில் நான்கு இடம், 2, 3, 7, 8 பாக்கி. 3-க்குப் பக்கத்தில் 8 அல்லது 9 நிற்கலாம், 7 நிற்கக்கூடாது. இருக்கிற சின்னவர் இடம் இரண்டில் ஒன்றுக்கு அக்கம்பக்கம் 7-ம் 8-ம்தான், அங்கே 3 போக முடியாது. 9-ஐ ஒட்டிய இடம்தான் அதற்கு. மிச்சம் தானாக விழும்:

4, 9, 3, 8, 2, 7, 1, 6

ஒரு எண்கூடக் கொடுக்காத பெட்டியில் எட்டு எண்ணின் வரிசையும் வந்துவிட்டது. முதல் தடவை இதைக் கண்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஒரு குறைதான்: எந்த முனையில் 4, எந்த முனையில் 6 என்று இந்தக் கோடு சொல்லாது. அதைச் சொல்ல வேறு யாராவது வர வேண்டும். உதாரணமாக ஒரு முனை, ஐந்து கட்டம் நீளமான தெர்மோமீட்டரின் குமிழில் இருக்கிறது என்று வைப்போம். குமிழிலிருந்து எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். மேலே நான்கு பேருக்கு இடம் விட வேண்டுமென்றால் குமிழ் 5-ஐத் தாண்டக்கூடாது. 6 அவுட். அந்த முனை 4, பெட்டி முடிந்தது.

கே: வெறும் விஸ்பர்ஸ் கோடு மட்டும் வைத்து நானே ஒரு புதிர் அமைத்தேன். எத்தனை கோடு சேர்த்தாலும் கணினி 'இரண்டு விடை' என்றே சொல்கிறது. எங்கே தப்பு?

ப: உங்கள் மேல் தப்பில்லை. மேலே உள்ள எட்டு எண்ணையும் ஒவ்வொன்றாகப் 10-லிருந்து கழித்துப் பாருங்கள்: 6, 1, 7, 2, 8, 3, 9, 4. அதே வரிசை, தலைகீழ். வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் எந்த விதிக்கும் ஒரு எண்ணும் அதைப் 10-லிருந்து கழித்தால் வருவதும் ஒன்றுதான். விஸ்பர்ஸ் கோடு, தொடர் எண்கள் வரும் ரென்பன் கோடு, 'அடுத்தடுத்த எண்' என்று காட்டும் வெள்ளைப் புள்ளி எல்லாமே இந்த வகை. ஒற்றை, இரட்டை அடையாளமும் உதவாது. கழித்தாலும் ஒற்றை ஒற்றையாகவே இருக்கும். ஆயிரம் கோடு போட்டாலும் ஒவ்வொரு விடைக்கும் ஒரு கண்ணாடிப் பிம்பம் கூடவே வரும். மேலே கீழே எது என்று தெரிந்த விதி ஒன்று வேண்டும்: ஒரு தெர்மோமீட்டர், தன் மேல் உள்ள எண்களின் கூட்டுத்தொகையை வட்டத்தில் எழுதச் சொல்லும் ஓர் அம்பு, 'ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு' என்னும் கறுப்புப் புள்ளி. பல சமயம் ஒன்றே ஒன்று போதும்.

கே: 2020-ல் எல்லாரும் பேசிய 'மிராக்கிள் சுடோகு'வில் இரண்டு எண்தானே இருந்தது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் இன்னும் அழகாக இருக்குமே?

ப: இருக்காது, உடைந்துவிடும். மிட்செல் லீ அமைத்த அந்தப் புதிரில் 1, 2 என்று இரண்டே எண்தான் கொடுத்திருந்தார். சதுரங்க ராஜா போகும் தூரத்திலோ குதிரை தாவும் தூரத்திலோ அதே எண் வரக்கூடாது, ஒட்டிய கட்டங்களில் தொடர் எண் வரக்கூடாது என்பவை விதிகள். மூன்று விதியும் பலகை முழுவதற்கும் பொதுவானவை. பலகையைத் திருப்பிவைத்தாலும் விதி மாறாது. 10-லிருந்து கழித்தாலும் மாறாது. அந்த இரண்டு எண்தான் 'இதுதான் மேல், இதுதான் சின்னது' என்று அடித்துச் சொல்கின்றன. எண்ணை எடுக்க ஆசையென்றால் அந்த இடத்தில் கோடோ கூண்டோ ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும்.

கே: கடைசியில் இதெல்லாம் யூகம்தானே?

ப: இல்லை. 'இங்கே 9 போட்டால் அடுத்த கட்டத்துக்கு எண்ணே இல்லை' என்று இரண்டு படி மனசுக்குள் போய் வருவது தர்க்கம். ஒரு எண்ணை எழுதி, நாற்பது கட்டம் நிரப்பி, இடித்துக்கொண்டு திரும்பி வருவதுதான் யூகம். இரண்டாவதைச் செய்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் ஒரு விதியை மறந்திருக்கிறீர்கள்.

கே: நான்கு கட்டம் நீளமான அம்பு. ஒரே எண் எழுதும் வட்டத்திலிருந்து கிளம்புகிறது. 1, 2, 3, 4 கூட்டினாலே 10 வந்துவிடுகிறது. புதிரே தப்பா?

ப: நான்கும் ஒரே பெட்டியிலோ ஒரே வரிசையிலோ இருந்தால் தப்புதான். ஆனால் அம்பு வளைந்து பக்கத்துப் பெட்டிக்குப் போகிறதா பாருங்கள். அம்பின் மேல் எண் திரும்ப வரக்கூடாது என்று விதியில் யாரும் எழுதவில்லை. ஒரே வரிசை, நெடுவரிசை, பெட்டியில் இல்லாத இரண்டு கட்டத்தில் ஒரே 1 வரலாம். இதே மாதிரி ஓர் அம்பைப் பார்த்துவிட்டு, புதிரை அமைத்தவருக்கு நான் மூன்று பக்கம் கடிதம் எழுதியிருக்கிறேன். "விதியை இன்னொரு தரம் படியுங்கள்" என்று ஒரு வரி பதில் வந்தது. அன்றிலிருந்து விதியைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்கிறேன்.

கே: பிஸ்டோமெஃபெல் வளையம் என்கிறார்களே, மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ப: வேண்டாம், ஒரு தடவை புரிந்தால் போதும். நடுப்பெட்டியைச் சுற்றி ஒட்டியிருக்கும் 16 கட்டம்தான் வளையம். பலகையின் நான்கு மூலையிலும் உள்ள 2×2 கட்டங்களைச் சேர்த்தாலும் 16. இங்கே உள்ள 16 எண்ணும் அங்கே உள்ள 16 எண்ணும் ஒரே சரக்கு. அடுக்கும் விதம்தான் வேறு.

3-ஆம், 7-ஆம் வரிசையோடு நடு இடது, நடு வலது பெட்டிகளைச் சேருங்கள்: 1 முதல் 9 வரை நான்கு முழுத் தொகுதி. 1, 2, 8, 9-ஆம் நெடுவரிசைகளைச் சேருங்கள்: அதுவும் நான்கு தொகுதி. இரண்டிலும் பொதுவாக வரும் கட்டங்களை அடித்துவிட்டால் முதலாவதில் வளையம் மிஞ்சும், இரண்டாவதில் மூலைகள் மிஞ்சும். எண் தராத புதிரில் இது ஏன் ருசி என்றால், ஒரு எண்கூடத் தெரியாதபோதே இது உண்மை. மூலைக் கூண்டுகளின் தொகை தெரிந்தால் வளையத்தின் தொகையும் தெரியும்.

கே: ஆறாம் வகுப்பு படிக்கும் மகளோடு உட்கார்ந்து போட ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?

ப: தெர்மோமீட்டர். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஒன்பது கட்டம் நீளமென்றால் 1 முதல் 9 வரை அப்படியே எழுதிவிடலாம். எட்டுக் கட்டமென்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டே வாய்ப்பு, ஏழென்றால் மூன்று. நீளமானதை முதலில் தேடச் சொல்லுங்கள். பேனா வேண்டாம்.

கே: சாண்ட்விச் சுடோகுவில் ஒரு வரிசைக்கு வெளியே 34 என்று போட்டிருக்கிறது. இரண்டு நாளாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

ப: முட்டுவதை நிறுத்துங்கள், அது அச்சுப் பிழை. 1-க்கும் 9-க்கும் நடுவில் வரும் எண்களின் கூட்டுத்தொகைதான் அது. 2 முதல் 8 வரை எல்லாம் உள்ளே வந்தால் 35. ஒன்றாவது வெளியே போனால் குறைந்தது 2 குறைந்து 33 ஆகிவிடும். 34 வர வழியே இல்லை. 35 என்று வைத்துப் பாருங்கள். வரிசையின் இரண்டு ஓரமும் 1, 9 ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் 33 என்று வைத்துப் பாருங்கள். அப்போது ஏதோ ஒரு ஓரத்தில் 2 நிற்கும்.