ஃபர்ஸ்ட் குரூப் படித்துவிட்டுப் புவியியலா?

அண்ணா, வணக்கமுங்க.

"ஃபர்ஸ்ட் குரூப்ல சேர்த்து, நல்ல மார்க்கும் வாங்கின பிறகு, மேப் பார்க்கிற படிப்புக்குப் போறேங்கிறாளே" என்று பாப்பாவைப் பற்றி வருத்தப்பட்டிருந்தீர்கள். நான் புவியியல் வாத்தியார், என் கட்சி எதுவென்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். வெறும் புவியியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடினால் கஷ்டம்தான். பொருளியல், புள்ளியியல், கணினியில் வரைபடம் செய்யும் பழக்கம் மூன்றும் கூடவே வளர வேண்டும். அதற்கு அவள் தயார் என்றால் நான் அவள் பக்கம்.

உங்கள் பனியன் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியது. அதில் பாதி, நாம் ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதற்காகப் போட்ட தண்டனை. எண்ணெய் வாங்கியது எங்கேயோ இருக்கும் சுத்திகரிப்பு ஆலை. ஆர்டர் வருமா வராதா என்று கவலைப்பட்டது திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்கா.

அதற்கு முன்னால், 2023 கடைசியில், ஏமன் நாட்டுக் கிளர்ச்சிப் படையான ஹூத்திகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, சூயஸ் வழியாக ஐரோப்பா போக வேண்டிய கண்டெய்னர்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போயின. பத்து நாளுக்கு மேல் தாமதம், கப்பல் வாடகையும் ஏறியது. எங்கேயோ சண்டை, நமக்கென்ன என்று இருந்தவர்களுக்கு பேமென்ட் தள்ளிப்போனபோதுதான் விஷயம் உறைத்தது. நீங்கள் நஷ்டக் கணக்கில் எழுதியதைத்தான் பாப்பா பாடமாகப் படிக்க ஆசைப்படுகிறாள்.

நொய்யலும் அப்படித்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. சாயக்கழிவு தேங்கி ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போனது. கீழ்ப்பக்கத்து விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவுகூட வெளியேறக் கூடாது என்ற நிலைக்கு ஊரே மாற வேண்டியதாயிற்று, அதற்கான செலவும் சாயக்கூலியில் வந்து சேர்ந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது, கிணற்றில் எப்படி இறங்குகிறது என்பது புவியியல். யாருடைய செலவை யார் தலையில் கட்டினார்கள் என்பது பொருளியல். இரண்டையும் பிரித்து வைத்தது டைம்டேபிள் போடும் வசதிக்குத்தான். பள்ளியில் நாங்களும் பருவக்காற்றை ஐந்து மார்க் விடையாகவே சொல்லிக் கொடுக்கிறோம். அது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது என்று எத்தனை வகுப்பில் சொல்கிறோமோ!

சரி, வேலைக்கு வருவோம்.

பாப்பாவுக்குக் கணக்கு வருமென்றால், அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பி.இ. இருக்கிறது, அதாவது நிலத் தகவல்களைக் கணினியில் கையாளும் பொறியியல். பொறியியல் கலந்தாய்வில் அதை மேலே போட்டுப் பாருங்கள். உங்கள் ஆசையும் அவள் ஆசையும் ஒரே இடத்தில் நிற்கும். கிடைக்கவில்லை என்றால் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. புவியியல். வீட்டிலிருந்தே போய்வரலாம், கட்டணமும் பாரமாக இருக்காது. மூன்று வருடத்தில், கணினியில் வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் அவள் கைக்கு வந்துவிட வேண்டும். அது இலவசம், சாதாரண லேப்டாப்பே போதும். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவசக் குறும்படிப்புகள் நடத்துகிறது. அதையும் அவள் விடக்கூடாது.

அப்புறம் முதுகலை. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்திலேயே புவியியல் துறையும் இருக்கிறது. நகரமைப்பு முதுகலைக்குப் புவியியல் முதுகலை முடித்தவர்களையும் பல நிறுவனங்கள் எடுக்கின்றன. நான் அதிகம் சொல்வது இந்த வழியைத்தான். நம் ஊர்கள் வளர்கிற வேகத்துக்கு, எங்கே ரோடு, எங்கே குடிநீர்க் குழாய் என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் கொங்குப் பகுதிக்கு நிறையத் தேவை. ஆசிரியர் வேலையென்றால் பி.எட். இருக்கிறது, ஆனால் மேல்நிலைப் பள்ளியில் புவியியலுக்கு இடங்கள் குறைவு என்று தெரிந்தே போக வேண்டும்.

ஐ.ஏ.எஸ். பற்றிக் கேட்டீர்கள். மெயின் தேர்வில் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண்ணுக்கு வருகிறது, பொதுத் தாளிலும் உதவும். ஆனால் அதை மட்டுமே நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கையில் ஒரு வேலைத்திறமை இருக்கட்டும், தேர்வைப் பிறகு எழுதலாம்.

முதல் சம்பளம் மென்பொருள் கம்பெனியைவிடக் குறைவாகவே இருக்கும். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் அதைத்தான் கேட்பார்கள். அதற்கு நீங்கள் தயாரா என்று வீட்டில் அக்காவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் துறைக்கே நேரில் போய்ப் பாருங்கள். கணினி ஆய்வகம் திறந்திருக்கிறதா, களப் பயணம் கூட்டிப்போகிறார்களா என்று கடைசி வருடப் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். சனிக்கிழமை பாப்பாவை அழைத்துக்கொண்டு வாங்க. புள்ளியியல் பிடிக்குமா என்று அவளிடமே நான் கேட்க வேண்டும்.