காகிதத் தேஜஸ் சோறு போடுமா?

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

சனிக்கிழமை கிளம்பும்போது வாசற்படியில் நின்று கேட்டீர்கள்: "பிளஸ் ஒன் படிக்கிற புள்ள ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அட்டைய வெட்டி ஒட்டிட்டு உக்காந்திருக்குதுங்க சார். இது சோறு போடுமாங்க?" பக்கத்தில் உங்கள் மகள் இருந்ததால் பட்டும் படாமலும் பேசி அனுப்பிவிட்டேன். அதற்கான பதில்தான் இது.

அவள் காட்டிய ஓவியம், மழை மேகத்துக்குக் கீழே சாய்ந்து திரும்பும் தேஜஸ் போர் விமானம், நன்றாகவே இருந்தது. ஆனால் என்னை உட்கார வைத்தது, நீங்கள் குப்பை என்று சொன்ன பிஸ்கட் டப்பா. அதில் காகிதத் தேஜஸுக்காக அவள் செய்து பார்த்த நான்கு மூக்குகள். காகிதம் ஒரு வாக்கில்தான் வளையும். உருளை ஆகும், கூம்பு ஆகும், அவ்வளவுதான். தேஜஸின் மூக்கோ நீளவாட்டிலும் வளைகிறது, சுற்றுவாட்டிலும் வளைகிறது. அதைக் காகிதத்தில் கொண்டுவர இதழ் இதழாக நறுக்கித்தான் ஒட்ட வேண்டும். முதல் மூக்கில் ஆறு இதழ், ஒரே கோணல். நான்காவதில் பன்னிரண்டு. அதன் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "பிளெண்டர்ல நுனிய 2 மி.மீ. குறைக்கணும்."

அதாவது, கணினியில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவம் செய்து, பெபகுரா என்ற இன்னொரு மென்பொருளில் அதைத் தட்டையாக விரித்து, அச்செடுத்து ஒட்டிப் பார்த்து, தப்பைக் கண்டுபிடித்து மறுபடி கணினிக்கே போயிருக்கிறாள். 13.2 மீட்டர் விமானம் 1:33 அளவில் 40 செ.மீ. ஆகிறது, அந்தக் கணக்கும் அவளே போட்டது. பிறகு மேசை விளக்கைச் சாய்த்து வைத்து, வாலின் நிழல் இறக்கையில் எங்கே விழுகிறது என்று பார்த்து ஓவியத்தில் கொண்டுவந்திருக்கிறாள். போட்டோவைப் பார்த்து வரைபவர்கள் வழுக்கி விழும் இடம் அது.

ஏரோநாட்டிகல், அதாவது விமானப் பொறியியல் சேர்க்கலாமா? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் கிடைத்தால் நல்ல படிப்புதான். ஆனால் அந்த நான்கு வருடமும் பெரும்பாலும் கணக்கு, காற்றோட்டம், உலோகத்தின் பலம் என்றே போகும். இறக்கை எப்படித் தூக்குகிறது என்று கேட்டேன், பாதியில் கொட்டாவி. சாம்பல் பெயின்ட் மேல் மாலை வெயில் எப்படித் தெரியும் என்றேன். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. விமானத்தைப் பறக்க வைக்கும் ஆசை அவளுக்கு இல்லை, பார்க்கும் ஆசைதான். கணிதப் பிரிவில் இருப்பதால் அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். அவளை அதற்குள் தள்ளிவிடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

நான் முதலில் பார்ப்பது டிசைன் படிப்பு. அகமதாபாத் என்.ஐ.டி.யின் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) முதன்மைத் தேர்வில் கையால் செய்து காட்டும் பகுதி இருக்கிறது. டப்பா மூக்குகள் அங்கே பேசும். ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்புக்கு யுசீட் என்ற நுழைவுத் தேர்வு. அதை இரண்டு முறைதான் எழுதலாம், அதுவும் அடுத்தடுத்த வருடங்களில். 'சும்மா எழுதிப் பார்க்கட்டும்' என்று ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். செலவு கட்டுப்படியாகாவிட்டால் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மட்டமாக நினைக்காதீர்கள், சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது.

வேலை? 'விமான ஓவியர்' என்று மாதச் சம்பளம் தரும் பதவி எதையும் நான் நம் ஊரில் பார்த்ததில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இருப்பதெல்லாம் இதை ஒட்டிய வேலைகள்: பராமரிப்புக் கையேடுகளுக்குப் பாகம் பாகமாகப் பிரித்து வரையும் தொழில்நுட்ப ஓவியம், சிமுலேட்டர்களுக்கான முப்பரிமாண விமானங்கள், கேம், சினிமாவுக்கான வி.எஃப்.எக்ஸ்., அருங்காட்சியக மாதிரிகள். ஒட்டிச் சேர்க்கும் மாதிரி விமானங்கள் வரும் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளின் அட்டைப்படங்களால் பெயர் பெற்ற ராய் கிராஸ், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஃபேரி விமானக் கம்பெனியில் தொழில்நுட்ப ஓவியராகத்தான் இருந்தார். அழகுக்கு வரையும் படத்தை ஏ.ஐ. மலிவாக்கிவிடும் என்ற உங்கள் பயம் நியாயமானதே. அதனால்தான் ஒரு திருகாணி இடம் மாறினாலும் ஒத்துக்கொள்ளாத வேலையைச் சொல்கிறேன்.

அவள் காட்டிய வீடியோ அமெரிக்கர் லூகா இயாகோனி-ஸ்டூவர்ட்டுடையது. ஏர் இந்தியாவின் போயிங் 777ஐ ஆபீஸ் ஃபைல் அட்டையில் 1:60 அளவில் செய்ய 2008இல் ஆரம்பித்தார். சீட்டு, சக்கரம், கதவு எல்லாம் காகிதம். அவர் அதற்காகக் கல்லூரியையே விட்டார் என்று தெரிந்ததும் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். பின்னாளில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் ஏ380ஐ அவரிடம் செய்து வாங்கியது உண்மை. ஆயிரத்தில் ஒருவருக்கு நடந்ததை நம் வீட்டுத் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. படிப்பு நிற்கக் கூடாது என்று அவளிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன்.

இப்போதைக்கு லேப்டாப், அனிமேஷன் கோர்ஸ் என்று லட்சத்தில் கட்டாதீர்கள். பிளெண்டர் இலவசம், 160 ஜி.எஸ்.எம். கெட்டித் தாள் ஒரு கட்டு, நல்ல கத்தி, வெட்டும்போது அடியில் வைக்க ஒரு கட்டிங் மேட் போதும். வார நாளில் பத்து மணிக்கு விளக்கணைப்பு, ஞாயிறு முழுக்க அவளுடையது என்று பேசி முடியுங்கள். தப்பாய்ப் போன துண்டுகளில் தேதி எழுதிவைக்கட்டும். காலாண்டு விடுமுறையில் பெங்களூரு ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு ஸ்கெட்ச் நோட்டோடு கூட்டிப் போங்கள்.

இன்னொன்று, மறந்துவிடாதீர்கள். சூலூரில் மாமா வீட்டுப் பக்கம் விமானம் இறங்குவதைப் போனில் எடுப்பதாகச் சொன்னாள். படைத்தளத்தைப் படமெடுப்பது சட்டச் சிக்கல். கண்ணால் பார்த்து வீட்டுக்கு வந்து வரையச் சொல்லுங்கள், அவளால் முடியும்.