சிங்கத்தின் வசனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக யூதர்களின் வாராந்திரத் தோரா (வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்கள்) வாசிப்பைக் கூடவே வாசித்துவருகிறேன். ஒவ்வொரு வாரப் பகுதியும் அந்த வாரச் செய்தியோடு பொருந்துவது பயமாக இருக்கிறது. எசேக்கியேல் 38இல் இஸ்ரேல்மீது படையெடுத்துவரும் கூட்டத்தில் பெர்சியா வருகிறதே, ஈரான் போர் அதுதானா? என் மகனுக்கு தோஹாவில் வேலை கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா?

ஆர்., தூத்துக்குடி

அன்புள்ள ஆர்.,

பிள்ளையைத் தூரதேசத்துக்கு அனுப்பும் தகப்பனின் பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக உங்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டுபோய் வேதத்தில் வைத்துத் தேடுகிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

எசேக்கியேல் 38ஐ வைத்துப் பனிப்போர்க் காலம் முழுக்க ரஷ்யா வரப்போகிறது என்றார்கள். அதைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை. வாரப் பகுதி செய்தியோடு பொருந்துவதும் அப்படித்தான். பஞ்சம், சகோதரச் சண்டை, போர், கொள்ளைநோய் எல்லாம் இருக்கும் புத்தகம் எந்த வாரத்துக்குத்தான் பொருந்தாது?

நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருப்பது வேறு. 2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. அந்தத் தாக்குதலுக்கு வைத்த பெயர் எண்ணாகமம் 23:24இலிருந்து எடுத்தது: இந்த ஜனம் சிங்கம்போல எழும்பும் என்ற வசனம். சரி, அந்த வாரத்துக்குரிய வாசிப்பு எது? மறுநாள் சனிக்கிழமை ஜெப ஆலயங்களில் தோராவுக்குப் பிறகு தீர்க்கதரிசிகளிலிருந்து வாசித்தது சகரியாவை. "பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல, என்னுடைய ஆவியினாலேயே ஆகும்" என்ற வசனம் அதில்தான் இருக்கிறது.

அந்தச் சிங்க வசனத்தின் முறை ஜூலை 12 அன்று வந்தது. பாலாக் என்ற பகுதி. சபிப்பதற்காக மோவாபின் ராஜா கூலி பேசி அழைத்துவந்த பிலேயாம் சொன்ன ஆசீர்வாதம் அது. ஆனால் பகுதி அந்த ஆசீர்வாதத்தோடு முடிந்துவிடுவதில்லை. 25ஆம் அதிகாரத்துக்குள் போகிறது. அங்கே அதே ஜனம் பாகால்பேயோர் என்ற மோவாபியரின் தெய்வத்தைப் பற்றிக்கொண்டு வாதையில் 24,000 பேரை இழக்கிறது. அன்றைக்குரிய தீர்க்கதரிசனப் பகுதி மீகா. அதன் தொடக்கத்திலும் சிங்கம் வருகிறது. முடிவதோ, நியாயம் செய், இரக்கத்தைச் சிநேகி, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நட என்ற இடத்தில். சிங்கத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு மீகா வேண்டியிருக்கவில்லை.

தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து வருஷம் முழுக்க வரிசையாக வாசிக்கிறார்கள். எனக்குப் பிடித்த வசனம், என் எதிரிக்குப் பொருந்தும் வசனம் என்று பொறுக்க அங்கே இடமில்லை. என்னை உறுத்துவதையும் கேட்டாக வேண்டும். அந்தத் தீர்க்கதரிசிகள் பெரும்பாலும் திட்டியது சொந்த ஜனத்தைத்தான். நீங்களோ அவர்களை அடுத்த நாட்டுக்காரனைத் திட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இதில் எனக்கு இவ்வளவு ஆத்திரம் ஏன் என்றால், 1991 வளைகுடாப் போர் சமயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பிரசங்கியார் வந்தார். சதாம் பாபிலோனை மறுபடி கட்டுகிறான், முடிவு வந்துவிட்டது என்றார். என் பெரியப்பா அதற்கு முந்தைய வருஷம்தான் குவைத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தார். பெரியம்மா பயந்துபோய், நர்சிங் படித்துக்கொண்டிருந்த அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். உலகம் முடியப்போகும்போது படிப்பு எதற்கு? போர் முடிந்தது. பிரசங்கியார் அடுத்த வருஷமும் வந்தார், வேறு தேசத்தைச் சொன்னார். அக்கா மட்டும் திரும்பப் படிக்கப் போகவில்லை. பெரியம்மாவை நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். அந்த மனிதரை இன்றும் மன்னிக்க முடியவில்லை.

யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் யோனா புத்தகம் முழுவதையும் வாசிக்கிறார்கள். நாற்பது நாளில் நினிவே கவிழும் என்று யோனா சொன்னான். கவிழவில்லை. ராஜா முதல் எல்லோரும் கொடுமையை விட்டுத் திரும்பினார்கள், நகரம் பிழைத்தது. யோனாவுக்கு அது பிடிக்கவில்லை, கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தான். நிறைவேறாத அந்தத் தீர்க்கதரிசனத்தைத்தான் வருஷத்தின் மிகப் புனிதமான நாளுக்கு எடுத்துவைத்திருக்கிறார்கள். எச்சரிப்பது ஜனங்கள் திருந்திப் பிழைப்பதற்காக. ஏசாயா, எரேமியா எல்லோரையும் இந்த எண்ணத்தோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மகன் விஷயத்தில் சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் பாருங்கள், அங்கே ஏற்கெனவே வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். முக்கியமாக அவனிடம் கேளுங்கள். கடிதத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை.