பழைய கார் வாங்க 4 லட்சம் கடன்: டீசல் சிட்டியா, பெட்ரோல் சியாஸா?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய், வாடகை 11,000. மனைவி, 4 வயதில் ஒரு குழந்தை. அவசரத்துக்கு என்று 1.5 லட்சம் வங்கி டெபாசிட்டில் இருக்கிறது. அது போக 4 லட்சம் சேர்த்திருக்கிறேன். புதுக்கோட்டையில் இருக்கும் பெற்றோரைப் போய்ப் பார்க்கவும், அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்து வரவும் ஒரு கார் தேவைப்படுகிறது. மாதம் 550 கி.மீ. ஓடும். இரண்டு செடான்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2017 ஹோண்டா சிட்டி டீசல். 92,000 கி.மீ., சென்னை பதிவு, 2024 பிப்ரவரியில் கைமாறிய இரண்டாவது ஓனர், விலை 6.1 லட்சம். இன்னொன்று 2018 தொடக்கத்தில் வந்த மாருதி சியாஸ் 1.4 பெட்ரோல். 54,000 கி.மீ., திருச்சி பதிவு, ஒரே ஓனர், 5.9 லட்சம். மைலேஜ் கிடைக்கும், ஹோண்டா எஞ்சின் சாகாது, டீசலையே எடுங்கள் என்கிறார் புரோக்கர். 14% வட்டியில் 4 வருடத்துக்கு 4 லட்சம் கடனும் அவரே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்? பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, சிட்டி கைமாறிய தேதி. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகளில் கார்கள் தண்ணீரில் நின்றன. அதற்கு இரண்டே மாதத்தில் ஒரு சென்னை கார் விற்கப்பட்டிருக்கிறது. வாங்கியவரும் அதை வைத்துக்கொள்ளாமல் விற்கிறார். இதை வைத்தே அது வெள்ளத்தில் நின்ற கார் என்று நான் சொல்லவில்லை, முதல் ஓனர் வெளிநாடு போயிருக்கலாம். ஆனால் அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்பவர். அதுவரை முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வெள்ளம் பார்த்த காரில் எஞ்சினைக் கழற்றி மாட்டிச் சரிசெய்துவிடலாம், வயரிங்கை முழுதாகச் சரிசெய்வது கடினம். கனெக்டர்களுக்குள் போன சேற்றுத் தண்ணீர் மெதுவாக அரித்து, ஒரு வருடம் கழித்துக்கூட ஏர்பேக் விளக்கு எரிவது, பவர் விண்டோ நிற்பது, நடுவழியில் வண்டி அணைவது என்று வேலை காட்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் ‘டோட்டல் லாஸ்’ (பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது) என்று ஒதுக்கி ஏலத்தில் விட்ட கார்களும் பழுது பார்க்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வருகின்றன. பார்க்கப் போகும்போது முன்சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் கறைக்கோடு தெரிகிறதா பாருங்கள். சீட் தண்டவாளங்களிலும், கால்மிதிக்கு மேலே உள்ள இரும்புப் பட்டைகளிலும் துரு இருக்கக் கூடாது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தப் பள்ளத்தையும், கார்ப்பெட்டைக் கொஞ்சம் தூக்கி அடியையும் பாருங்கள். ஏழெட்டு வயதுக் காரில் கார்ப்பெட்டும் சீட் கவரும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

வண்டி எண்ணைச் சொன்னால் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை நடந்தது என்ற பதிவு இருக்கும். அதை ஓனர் மூலமாகக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் திருப்பப்பட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே பிடிபடும். ‘வெளியில்தான் சர்வீஸ் பார்த்தோம், பில் இல்லை’ என்றால் அந்த 92,000-ஐ நம்ப எந்த ஆதாரமும் இல்லை. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். சியாஸில் 2018 டயரே இருந்தால் 54,000 கி.மீ. என்பதோடு அது ஓரளவு ஒத்துப்போகும், ஆனால் அந்த டயர்களை உடனே மாற்றியாக வேண்டும்.

சியாஸ் ஒரே ஓனர் என்பதில் இன்னொரு நன்மை உண்டு. அவருடைய இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 50% இருந்தால் தொடர்ந்து 5 வருடம் க்ளெய்ம் எடுக்கவில்லை என்று பொருள். சிட்டியில் இந்தச் சோதனை பலிக்காது, ஏனென்றால் அந்தப் போனஸ் ஓனரைச் சேர்ந்தது, கார் கைமாறியதும் போய்விடும். உங்களுக்கும் அது வராது, அதனால் விற்பவர் கட்டும் பிரீமியத்தைப் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள்.

மைலேஜ் கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 6,600 கி.மீ. சியாஸ் லிட்டருக்கு 14 கி.மீ. தந்தால், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்து, சுமார் 47,600 ரூபாய். சிட்டி டீசல் 19 தந்தால், டீசல் 93 ரூபாய் வீதம் சுமார் 32,300. மிச்சம் வருடத்துக்கு 15,300, அதாவது மாதம் 1,275 ரூபாய். புரோக்கர் சொல்லும் லாபம் மொத்தமே இவ்வளவுதான். 92,000 கி.மீ. ஓடிய டீசலில் கிளட்ச் செட் ஒருமுறை மாற்றினாலே ஒரு வருட மிச்சம் போய்விடும். இன்ஜெக்டர்களோ டர்போவோ கை கொடுக்காவிட்டால் நான்கு வருட மிச்சமும் போகும். அடிக்கடி குறைந்த தூரமே ஓடும் டீசலில் ஈஜிஆர் வால்வில் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் வால்வு) கரி அடைவதும் வழக்கம். மேலும், ஹோண்டா இந்தியாவில் டீசல் கார் விற்பதை 2023-லேயே நிறுத்திவிட்டது. நாளை நீங்கள் விற்கும்போது அதுவும் விலையில் தெரியும். டெல்லி பகுதியில் உள்ள 10 வருட டீசல் கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை, அந்தப் பயம் மட்டும் வேண்டாம்.

சிட்டி எஞ்சின் நல்ல எஞ்சின்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வாங்கப்போவது ஹோண்டா என்ற பெயரை அல்ல, யாரோ இரண்டு பேர் ஓட்டிய இந்த ஒரு காரை.

என் தேர்வு சியாஸ். மாருதி 2025-ல் இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது என்று யாராவது பயமுறுத்துவார்கள். இதே 1.4 எஞ்சின் பழைய எர்டிகாவிலும் இருந்தது, எஞ்சின் சாமான்களுக்குத் தவிக்க மாட்டீர்கள். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், ஆகவே பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. ஒரு விஷயம்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல், இந்தக் காரோ அதற்கு முந்தைய காலத்தது. எரிபொருள் ரப்பர் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மைலேஜை 14 என்று குறைத்தே போட்டதற்கு அதுவும் காரணம்.

வாங்கியதும் சியாஸுக்கு ஆகும் முதல் செலவு, தோராயமாக: நான்கு டயர் 20,000 முதல் 25,000, பேட்டரி 5,000 முதல் 6,000, பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், எல்லா ஆயிலும் கூலன்ட்டும் சேர்த்து 12,000. ஏறக்குறைய 40,000. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை 1,500 - 2,000 ரூபாய் கொடுத்துக் கூட்டிப்போய் இந்தப் பட்டியலை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அதை முன்னால் வைத்துப் பேசினால் 5.7 லட்சத்துக்கு முடிக்கலாம். அதன்பின் வருட சர்வீஸ், சில்லறைப் பழுது எல்லாவற்றுக்கும் மாதம் 2,500 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள், செலவே இல்லாத மாதத்திலும்.

புரோக்கர் சொல்லும் கடனுக்கு மாதத் தவணை 10,930, மொத்த வட்டி மட்டும் சுமார் 1.25 லட்சம். அது வேண்டாம். கையிலிருந்து 3.2 லட்சம், கடன் 2.5 லட்சம், 3 வருடம். அதே 14% என்றாலும் தவணை சுமார் 8,550, வட்டி 58,000-க்குள். சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் முதலில் கேளுங்கள். பல வங்கிகள் கடன் முடியும்போது காருக்கு 10 வயதுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுவதால், தேவைப்பட்டால் காலத்தை இன்னும் குறைக்க வேண்டிவரும். மீதி 80,000-ல் முதல் செலவும் இன்ஷூரன்ஸும் அடங்கிவிடும். டெபாசிட்டில் இருக்கும் 1.5 லட்சத்தைத் தொடாதீர்கள், அது அப்பாவுக்கு.

தவணை, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், பராமரிப்பு சேர்த்து மாதம் 16,000-ஐத் தாண்டும், சம்பளத்தில் 28%. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: 550 கி.மீ.க்கு வாடகைக் கார் பிடித்தால் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வீதம் 7,700-தான் வரும். பணத்தை மட்டும் பார்த்தால் டாக்சி மலிவு. ராத்திரி 2 மணிக்கு அப்பாவை அழைத்து வர வேண்டுமானால் வாசலில் கார் நிற்பது வேறு, அதற்காகத்தான் மாதம் 8,000-க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அது உங்கள் குடும்பத்துக்குத் தகும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

வாங்குவது முடிவானால், அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனில் அந்தக் காரின் மேல் கடன் பதிவும் நிலுவை அபராதமும் இருக்கிறதா பாருங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் முன் கையெழுத்திட வேண்டும். புரோக்கர் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஆர்சி (பதிவுச் சான்று) மாற்றத்தை இழுப்பார். 30 நாளுக்குள் நீங்களே ஆர்டிஓவில் விண்ணப்பியுங்கள், இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள்தான். விலையில் 20,000 ரூபாயை ஆர்சி உங்கள் பெயருக்கு வந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.