ஐசியூ மருத்துவர்களுக்குத் தொழில்நெறியைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

கேள்வி: "தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறும் மருத்துவர்களுக்கு வென்டிலேட்டரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கலாம். பொறுப்பையும் பண்பையும் சொல்லிக்கொடுக்க முடியுமா? அது அவரவர் வளர்ப்பைப் பொறுத்தது இல்லையா?"

முடியும். பல ஆண்டுகளாக ஐசியூவில் பட்டமேற்படிப்பு மாணவர்களோடு நிற்பவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். வளர்ப்பு என்று சொல்லிவிட்டால் பயிற்சி தருபவருக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

இரவு டியூட்டியில் அடிக்கடி நடக்கும் ஒன்றைப் பாருங்கள். நோயாளியின் கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய இரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தும் மெல்லிய குழாய், போட மாணவர் தயாராகிறார். கவுன், கையுறை, முகக்கவசம் எல்லாம் சரி. ஆனால் தலை முதல் கால் வரை மூட வேண்டிய பெரிய துணியை விட்டுவிட்டுச் சிறிய துணியை விரிக்கிறார். "டாக்டர், பெரிய துணி எடுத்துத் தரட்டுமா?" என்று சிஸ்டர் கேட்கிறார். மாணவரின் கண் அப்போது சிஸ்டரிடம் போவதில்லை. பக்கத்தில் நிற்கும் சீனியரின் முகத்துக்குத்தான் போகிறது. சீனியர் முகம் சுளித்தால் மாணவர் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார். "சிஸ்டர் சொல்வது சரி, நிறுத்திவிட்டு மாற்றுங்கள்" என்றால் வேறொன்றைக் கற்றுக்கொள்கிறார். சிஸ்டரும் கற்றுக்கொள்கிறார். ஒருமுறை எரிந்து விழுந்தால் போதும், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

இதன் விலை என்ன என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற ஐசியூ மருத்துவர் 2001ஆம் ஆண்டில் சென்ட்ரல் லைனுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தார். பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் அதைப் பின்பற்றினார்கள். லைன் வழியாக இரத்தத்தில் கிருமி தொற்றும் விகிதத்தின் இடைநிலை (ஐசியூக்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு), லைன் உடலில் இருந்த ஒவ்வோர் ஆயிரம் நாட்களுக்கும் 2.7 என்பதிலிருந்து மூன்றே மாதங்களில் பூஜ்யத்துக்கு இறங்கியது. 2006இல் வெளியான முடிவு இது. கை கழுவு, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடை, முழு உடலையும் மூடு, முடிந்தவரை தொடையில் போடாதே, தேவை முடிந்ததும் எடுத்துவிடு. பட்டியலில் இருந்தவை இவைதாம். இவற்றில் எது எந்த மருத்துவருக்குத் தெரியாது? படி தவறினால் மருத்துவரையே நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்ததுதான் அங்கே புதிது என்பது என் கருத்து.

அடுத்தது குடும்பத்தாரோடு பேசுவது. நம் ஊரில் இது பெரும்பாலும் ஐசியூ வாசலில், செருப்புகள் குவிந்து கிடக்கும் இடத்தில், நின்றபடியே நடக்கிறது. "சீரியஸ்தான், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் உள்ளே போய்விடுகிறார். பிரான்சில் 22 ஐசியூக்களில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. இறக்கும் நிலையில் இருந்த நோயாளிகளின் குடும்பங்களில் ஒரு பிரிவினரோடு வழக்கம்போல் பேசினார்கள். இன்னொரு பிரிவினரோடு முறைப்படி உட்கார்ந்து, கேட்டுப் பேசினார்கள். சந்திப்பின் நேரம் முதல் பிரிவில் 20 நிமிடம், இரண்டாவதில் 30; அதில் குடும்பத்தார் பேசியது முதல் பிரிவில் 5 நிமிடம், இரண்டாவதில் 14. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டாம் பிரிவுக் குடும்பங்களில் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

நான் மாணவர்களுக்குச் சொல்வது: நாற்காலி போடுங்கள். "இதுவரை உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று முதலில் கேளுங்கள். கேட்டபிறகு பேசாமல் இருங்கள். முன்னால் நின்று பேசுபவர் மைத்துனராகவோ பெரியப்பா மகனாகவோ இருப்பார். பின்னால் மனைவி நின்றுகொண்டிருப்பார். அவரையும் பெயர் சொல்லி அழைத்து உட்கார வையுங்கள். செலவைப் பற்றிய பேச்சை அவர்களே தயங்கித் தயங்கி எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். முதல் சில முறை நான் பேச, மாணவர் கவனிப்பார். பிறகு அவர் பேச, நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்ததும் எது நன்றாக இருந்தது, எதை மாற்ற வேண்டும் என்று பேசுவோம். நோயாளியின் மூச்சுப்பாதைக்குள் குழாய் போடக் கற்பிப்பதும் இப்படித்தானே?

எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென்று தனிப் பகுதி இருப்பதை மனதார வரவேற்கிறேன். ஆனால் வகுப்பில் படித்ததற்கு நேர்மாறானதை வார்டில் தினமும் பார்த்தால் வார்டுதான் ஜெயிக்கும். தூக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முப்பது மணிநேரம் கண் விழித்தவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம். டியூட்டி அட்டவணை போடுகிறவரும் இதற்குப் பொறுப்பு.

தவறும் மாணவரைப் "போகப்போகச் சரியாகிவிடுவார்" என்று விடுவதை நான் ஏற்பதில்லை. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான அமெரிக்க மருத்துவர்களின் கல்லூரிக் காலப் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளியானது. மற்ற மருத்துவர்களோடு ஒப்பிட்டால், அவர்களிடம் மாணவப் பருவத்திலேயே தொழில்நெறிக் குறை பதிவாகியிருந்த வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. பொறுப்பின்மையும், குறையைச் சுட்டினால் திருத்திக்கொள்ளாமையும் அதில் முக்கியமானவை.

உங்கள் பிரிவில் இதைத் தொடங்க நினைத்தால், மாணவர் மதிப்பீட்டுத் தாளில் இரவு டியூட்டி சிஸ்டர்களின் கருத்துக்கு ஓர் இடம் விடுங்கள். யார் எழுதினார் என்பது மாணவருக்குத் தெரிய வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை வைத்துக்கொண்டு மாணவரோடு தனியாக உட்காருங்கள். அதே சிஸ்டர்களிடம் உங்களைப் பற்றியும் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை மாணவர்களிடம் காட்டுங்கள்.