வீலில் படியும் கரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீல் சுத்தம் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: எழுதும்போது வண்டி எது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அலாயா (அலுமினியக் கலவை வீல்) இரும்பு வீலா என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். அவை இல்லாத கடிதத்துக்கு அரைகுறைப் பதில்தான் தர முடிகிறது.

கேள்வி: வாரம் தவறாமல் கழுவுகிறேன். முன் வீல்கள் மூன்றே நாளில் கறுத்துவிடுகின்றன. பின் வீல்கள் பளிச்சென்று இருக்கின்றன. பிரேக்கில் கோளாறா? (ஈரோடு)

கோளாறு இல்லை. பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் சுமார் 70 சதவீதம் முன் பிரேக்குகள் தலையில்தான். நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக்; அதன் தூசி டிரம்முக்குள்ளேயே கிடக்கும். முன்னால் டிஸ்க் (வீலோடு சுற்றும் இரும்புத் தட்டு) திறந்திருப்பதால், அதை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்த தூளும் டிஸ்க் தேய்ந்த இரும்புத் தூளும் நேராக வீலில் வந்து உட்காருகின்றன. இரண்டு முன் வீல்களும் ஒரே அளவில் கறுக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: இடது முன் வீல் மட்டும் வலதைவிட இரண்டு மடங்கு கறுப்பு. எதைப் போட்டுக் கழுவலாம்? (நாகர்கோவில்)

கழுவாதீர்கள். அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேட்டை அழுத்தும் காலிப்பரோ அது நகரும் பின்னோ துருவேறி இறுகியிருந்தால், காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் தூசி கூடும், மைலேஜ் குறையும், பேட் ஒரு பக்கமாகத் தேய்ந்து தீரும். அதிகம் பிரேக் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு வீல்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எதையும் தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் சந்தேகமே இல்லை.

கறுப்பு உலர்ந்த தூளாக இல்லாமல் ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தால் அது பிரேக் தூசியே அல்ல. ஆக்ஸில் பூட் என்ற ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கலாம், அல்லது பிரேக் ஆயில் கசியலாம். கசிவது பிரேக் ஆயில் என்றால் வண்டியை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: வெள்ளி நிற அலாயில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். ஷாம்பு போட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. (கோயம்புத்தூர்)

பேட்டும் டிஸ்க்கும் உரசும்போது பறக்கும் இரும்புத் துகள் சூடாகவே வந்து வீலின் மேல்பூச்சில் குத்தி நின்றுவிடுகிறது. பிறகு அங்கேயே துருப்பிடிக்கிறது. நீங்கள் பார்ப்பது அதைத்தான். தேய்த்தால் பூச்சில் கீறல் விழுமே தவிர துகள் வராது. இதற்கென்று அயர்ன் ரிமூவர் விற்கிறார்கள். அரை லிட்டர் ஐந்நூறு ரூபாய் சொச்சம், நான்கு வீல்களுக்கு ஐந்தாறு முறை வரும். அதிலுள்ள தயோகிளைக்கோலேட் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக மாறிக் கரைந்து ஓடும். தலைமுடியைச் சுருட்டும் மருந்திலும் இதே வகைப் பொருள்தான். அந்த நாற்றத்துக்கும் அதுதான் காரணம்.

வீல் ஆறியிருக்க வேண்டும், நிழலில் இருக்க வேண்டும். முதலில் ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டுத் தெளியுங்கள். மூன்று, நான்கு நிமிடம் விடுங்கள். காய விடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தடவி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

கேள்வி: வாட்டர் வாஷ் கடையில் ஏதோ திரவம் தெளித்தார்கள். ஒரே நிமிடத்தில் வீல் புதுசு போல ஆகிவிட்டது. அதையே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? (மதுரை)

வேண்டவே வேண்டாம். பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஒரே நிமிடத்தில், தேய்க்காமலே, எல்லாக் கறையும் போகிறது என்றால் அது பெரும்பாலும் ஆசிட். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் தண்ணீர் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பார்கள். சில இடங்களில் அதைவிடக் கொடிய ஃப்ளோரைடு கலந்த திரவம்.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டு. உலோகத்தைக் காப்பது அதுதான். ஆசிட் அதைக் கரைத்துவிட்டு உள்ளே இறங்கும். வீலின் மேலுள்ள லாக்கர் என்ற நிறமற்ற பூச்சு முழுசாக இருக்கும்வரை சேதம் தெரியாது. கல் பட்ட இடம், நடைபாதை ஓரம் உரசிய இடம் என்று எங்கேயாவது ஒரு சின்ன வாய் திறந்திருந்தால் போதும். ஆசிட் அதன் வழியே புகுந்து, சில மாதங்களில் லாக்கருக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிவதுபோல் கோடுகள் ஓடும். டைமண்ட் கட் அலாய்க்கு இது இன்னும் மோசம். கடைந்தெடுத்த அதன் முகப்பில் லாக்கர் மட்டும்தான் இருக்கிறது, அடியில் பெயின்ட் கிடையாது. மறுபடி கடைந்தெடுக்கலாம் என்றாலும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது. எத்தனை முறைதான் கடைய முடியும்?

வீலோடு முடிவதும் இல்லை. தெளித்தது டிஸ்க்கிலும் காலிப்பரிலும் வீல் நட்டின் பூச்சிலும்தான் விழுகிறது. நான் முதன்முதலில் வாங்கிய அலாய் செட் இப்படித்தான் போனது. ஒரு கடையில் நான்கைந்து முறை கழுவக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் மின்னியது. ஒன்றரை வருடத்தில் நான்கும் பூத்துப்போய், நட்டுகளில் துரு ஏறி, ஒன்றைக் கழற்றக் குழாய் போட்டு நெம்ப வேண்டியிருந்தது.

அதைவிட என்னை வருத்துவது கடையில் வேலை செய்யும் பையன்கள். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, காலில் ரப்பர் செருப்பு. ஃப்ளோரைடு கலந்த ஆசிட் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து உள்ளே எலும்பு வரை வேலையைக் காட்டும். கையில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, வலிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த முறை வண்டியை விடும்போது முதலாளியிடம் கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. திரவம் சிமென்ட் தரையில் விழுந்து நுரைத்துப் பொங்கினால் ஆசிட். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தாலும் அப்படித்தான். வண்டியை விடும்போதே “வீலுக்கு ஷாம்பு மட்டும், வேறெதுவும் தெளிக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். டீசல், மண்ணெண்ணெய் தெளிப்பவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். ரப்பர் ஊதிப்போகும், பேட்டில் இறங்கினால் பிரேக் வழுக்கும்.

கேள்வி: புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை மின்னுகிறதே, அலாய்க்குப் போடலாமா? பாத்திரம் தேய்க்கும் பவுடர்? (தஞ்சாவூர்)

இரண்டும் கூடாது. பித்தளைக் குடத்துக்கு லாக்கர் பூச்சு கிடையாது, உங்கள் வீலுக்கு இருக்கிறது. பவுடரும் கம்பி நாரும் அதைச் சுரண்டிவிடும்.

கேள்வி: போர் தண்ணீர் காய்ந்ததும் வீலில் வெள்ளைத் திட்டு. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் கழுவுகிறேன், அப்படியும் போகவில்லை. (சென்னை, வேளச்சேரி)

போகாது, கூடத்தான் செய்யும். மெஷின் ஒதுக்கித் தள்ளிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. வீணாக்காத உங்கள் எண்ணம் நல்லது. அதை முதல் அலசலுக்கு, சேறு போக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அதில் உப்பு அனேகமாக இல்லை. உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே விழுந்த திட்டுக்கு, வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு கலந்து துணியில் நனைத்து ஒற்றி, அரை நிமிடத்தில் கழுவிவிடலாம். பூச்சு உரிந்த வீலுக்கு அதுவும் வேண்டாம்.

கேள்வி: கழுவினதிலிருந்து பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. என்ன செய்வது? (ஊர் இல்லை)

என்ன வண்டி, யார் கழுவியது, எதைப் போட்டது, எத்தனை நாளாயிற்று, எதுவும் எழுதவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை ஒற்றை வரியில் எழுதிவிட்டுக் காத்திருக்கிறீர்களே! வெறும் ஈரம் என்றால் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக்கை அழுத்தியதும் சரியாகியிருக்கும். ஆகவில்லை என்றால் டயர் பாலிஷ் டிஸ்க்கில் தெறித்திருக்கலாம். அதிலுள்ள சிலிக்கான் வழுக்கும். வண்டியை எடுக்காதீர்கள், இன்றே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மற்றவர்களுக்கு: டயர் பாலிஷை ஸ்பிரேயாக அடிக்காமல் ஸ்பாஞ்சில் எடுத்து டயரின் பக்கவாட்டில் மட்டும் தடவுங்கள்.

கேள்வி: கொல்லிமலை போய் இறங்கியதும் வீலெல்லாம் ஒரே கரி. அடிவாரத்திலேயே கழுவினேன். இப்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. (நாமக்கல்)

70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிவந்த டிஸ்க் எவ்வளவு கொதித்திருக்கும்! அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரு பக்கம் சட்டென்று சுருங்கி டிஸ்க் கோணிப்போக இடமுண்டு. சூடான வீலில் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று மாதந்தோறும் எழுதுகிறேன். மலை இறங்கினால் ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். டிஸ்க்கை இப்போது அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைசல் பிடித்தால் போதுமா, மாற்ற வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

அப்புறம், அவ்வளவு கரி சேர்ந்ததற்கே காரணம் இறங்கும்போது பிரேக்கையே நம்பியதுதான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை பாதியாகும். வால்பாறையின் 40 வளைவுகளுக்கும் இதுதான்.

கேள்வி: தூசியே வராத பேட் இருக்கிறதா? (சேலம்)

வராதது இல்லை, குறைவாக வருவது உண்டு. செராமிக் பேட் தூசி வெளிர் நிறம், அவ்வளவாக ஒட்டாது. விலை கூடுதல். இரும்புச் சத்து அதிகமுள்ள பேட் நன்றாகப் பிடிக்கும், கரியும் அதிகம். ஜெர்மன் கார்களின் முன் வீல் சீக்கிரம் கறுப்பது அதனால்தான். வண்டிக்குப் பரிந்துரைத்த வகையில் செராமிக் கிடைத்தால் போடலாம். முன் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். தூசியை வீலின் அழகோடு மட்டும் சேர்த்துப் பார்க்காதீர்கள், அதை நாமும் சுவாசிக்கிறோம். ஐரோப்பாவின் யூரோ 7 வாகன மாசு விதியில் பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்துவிட்டார்கள்: வழக்கமான பெட்ரோல், டீசல் கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம்.

கேள்வி: வீலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மாட்டும் தூசித் தடுப்புத் தகடு வாங்கலாமா? (திருச்சி)

வாங்காதீர்கள். டிஸ்க் ஆறுவதற்குக் காற்று போகாது.

கேள்வி: மின்சாரக் கார். வீலில் கரியே இல்லை, ஆனால் டிஸ்க் துருப்பிடித்திருக்கிறது. (புதுச்சேரி)

மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவதால் பேட்டுக்கு வேலை குறைவு. கடற்கரைக் காற்று வேறு. மேலோட்டமான துரு என்றால் வாரம் ஒருமுறை ஆளில்லாத சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு நாலைந்து முறை அழுத்தமாக பிரேக் போடுங்கள், போய்விடும். குழிகள் விழுந்திருந்தால் சர்வீஸில் காட்டுங்கள்.

கேள்வி: வீலுக்குள் இருக்கும் தூசியை கம்ப்ரஸர் காற்றால் ஊதிவிட்டால் சீக்கிரம் வேலை முடிகிறது. சரியா? (விழுப்புரம்)

தவறு. ஊதிய தூசி அடுத்த நொடி உங்கள் நுரையீரலில். பழைய வண்டிகளின் பேட்டிலும் டிரம் பிரேக்கின் ஷூவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், முகக்கவசத்தோடு.

கேள்வி: சேற்றில் போய்வந்த பிறகு 80-இல் போனால் அதிர்கிறது. வீல் பேலன்ஸிங் செய்ய வேண்டுமா? (கும்பகோணம்)

முதலில் வீலின் உட்பக்கத்தைக் கழுவுங்கள். உள்ளே ஒட்டிக் காய்ந்த சேறே போதும், அதிர்வு வரும். கழுவும்போது பேலன்ஸுக்காக உள்ளே ஒட்டியிருக்கும் எடைக் கட்டிகளை நெம்பிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் அதிர்ந்தால் பேலன்ஸிங்.

கேள்வி: முதலில் வீலா, பாடியா? (திருநெல்வேலி)

வீல். தனி வாளி, தனித் துணி. வீல் துடைத்த துணியில் இரும்புத் தூள் இருக்கும், அது கதவில் படவே கூடாது. ஒவ்வொரு வீலாக முடியுங்கள். வீல் ஆறிய பிறகு.